ஃப்ளெக்ஸில் மிஞ்சிய கை

ஜன்னலோரம் நீங்களே இருங்க அண்ணாச்சி, எனக்கு வெயிலும் ஒண்ணுதான் நெழலும் ஒண்ணுதான். கோவில்பட்டிதான? நானும் அங்கதான். இந்த வண்டிக்காரன் சங்கரன்கோயில்ல போயி அரை மணி நேரம் தூங்குவான். பேசிக்கிட்டே போனாத் தெரியாது. என்னது, நீங்களும் தூங்கணுமா? தூங்குங்க, தூங்குங்க. ஒரே ஒரு விசயம் மட்டும் கேட்டுக்கிடுதேன், பதிலச் சொல்லிட்டுத் தூங்குங்க.

ஒருத்தன் ஒங்களுக்குச் சிநேகிதன். டவுசர் போட்ட காலத்துலேருந்து சிநேகிதன். நீங்க ஒரு எடத்துல மைக்கப் பிடிச்சு ஒரு வார்த்த பேசிட்டிய. சரியோ தப்போ, பேசிட்டிய. நாலு பேரு அவங்கிட்டப் போயி, 'ஒம்ம ஆளு இப்படிப் பேசியிருக்காரே, நீரு என்ன சொல்லுதீரு'ன்னு கேக்கானுவ. அவன் என்ன சொல்லணும்? 'ஆமா, எஞ் சிநேகிதன்தான், அவனுக்கு நான் பதில் சொல்லுதேன்'னு சொல்லணுமா? இல்ல, 'அவன் யாருன்னே எனக்குத் தெரியாது'ன்னு சொல்லணுமா?

பாத்தியளா, தூக்கம் போயிட்டு.

எம் பேரு கோமதிநாயகம். ஆலடிக்குளத்துல உரக்கட வச்சிருக்கேன். உரக்கட கோமதிநாயகம்னு கேட்டா ஒருத்தனும் காட்டமாட்டான். வாழ்த்துரை கோமதிநாயகம்னு கேளுங்க, கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து விடுவான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால்காய்ப்பு, எங்க மைக் கெட்டினாலும் நாந்தான். பொண்ணு மாப்பிள்ளையச் சிரிக்க வச்சு, சம்பந்தக்காரங்களச் சிரிக்க வச்சு, சமையக்காரன் வரைக்கும் கரண்டியோட வந்து நிப்பான். பெருமைக்குச் சொல்லல. உள்ளதச் சொல்லுதேன்.

அந்தச் சிநேகிதன் பேரு குத்தாலிங்கம். செங்கச் சூள வச்சிருக்கான். பணம் சேந்துட்டு, அப்புறம் என்ன, வெள்ள வேட்டி, வெள்ள காரு, கட்சி. ஒன்றியக் கவுன்சிலருக்கு நின்னான். ஆனா மைக்கக் கண்டா அவனுக்கு ஒதறும். கசாப்புக் கடைய ஆடு பாத்தாப்ல முழிப்பான். அதனால எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஏற்பாடு. கல்யாண வீட்டுக்குக் காருல ஒண்ணாப் போவோம். நான் பேசுவேன், அவன் சிரிப்பான். அவன் சிரிச்சாத்தான் கூட்டம் சிரிக்கும், பணக்காரன் சிரிப்புல்லா. அதுதான் அவன் செஞ்ச அரசியல். வேற ஒண்ணும் அந்தச் சவத்துக்குத் தெரியாது.

வேட்பாளரான ஒடனே ஊரு பூரா ஃப்ளெக்ஸ் வச்சான். எந்தப் போட்டோ? ஏதோ ஒரு காதுகுத்துல எடுத்தது. நானும் அவனும் நிக்கோம், நான் அவன் தோள்ல கையப் போட்டிருக்கேன். அந்தப் போட்டோவுலதான் அவனுக்குத் தலையில முடி இருக்காப்ல தெரியும். அதனால அதத்தான் வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னான். வேட்பாளரு முழு உருவம், பக்கத்துல நான். 'கலங்காதே, நண்பன் இருக்கிறேன்' அப்படின்னு கீழ எழுத்து. நான் எழுதிக் குடுத்ததுதான்.

சரி, விசயத்துக்கு வாரேன்.

ஒரு கல்யாண வீடு. குத்தாலிங்கம் மொத வரிசையில இருக்கான். நான் பொண்ணப் புகழணும். பொண்ணு பத்தாப்பு முடிச்சு வீட்டோட இருந்த பொண்ணு, அதப் போயி என்னன்னு புகழ? அதனால சொன்னேன்: 'இந்தத் தங்கம் மில்லு வேன்ல ஏறாத தங்கம். காலையில வேன்ல ஏறும்போது ஒருத்தி, சாயங்காலம் எறங்கும்போது வேற ஒருத்தின்னு இருக்க இந்தக் காலத்துல, வாசப்படி தாண்டாம வளந்த பொண்ணு. குலம் வெளங்கணும்னா இந்த மாதிரிப் பொண்ணெடுங்க. வேன்ல வாரதெல்லாம் எடுக்காதிய'ன்னேன்.

அவ்வளவுதான் அண்ணாச்சி. ஒரு வாழ்த்துரையில சொல்லுதது. கூட்டம் சிரிச்சுது. குத்தாலிங்கம் எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சான். தொடையில தட்டித் தட்டி, இருமல் வந்து, தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு மறுபடியும் சிரிச்சான்.

அந்தப் பொண்ணோட கூடப் படிச்ச பிள்ளைய கொஞ்சம் பேரு வந்திருந்துச்சு. மில்லுக்குப் போற பிள்ளைய. பந்தியில எல போட்டுத் தண்ணி தெளிச்சாச்சு, ஒரு வரிசைக்கு ஆளு இல்ல. எந்திச்சுப் போயிட்டாளுவ. போனாப் போட்டும், சோறு மிச்சம்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு வேற மணவறையில இருந்து அழுதுச்சு. ஆனந்தக் கண்ணீருன்னுதான் நான் நெனச்சேன், இப்பவும் அப்படித்தான் நெனைக்கேன்.

எவனோ வீடியோ எடுத்திருக்கான். மறுநா எல்லா வாயிலயும் நாந்தான், எல்லாப் போன்லயும் நாந்தான். நான் பேசுதேன், குத்தாலிங்கம் சிரிக்கான். நான் பேசுதேன், குத்தாலிங்கம் சிரிக்கான்.

எங்க ஊர்ல முக்காவாசி வீட்டுல அடுப்பெரியுதது பஞ்சு மில்லுச் சம்பளத்துல. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு பேச்சுக்குச் சொல்லுததுக்கும் மனசுலேருந்து சொல்லுததுக்கும் வித்தியாசம் இருக்குல்லா? மனசுலேருந்து சொன்னேனான்னு கேட்டா... அத விடுங்க. ஆளுக்கொரு கருத்து இருக்கும்.

எதிர்க் கட்சிக்காரனுக்கு அல்வா சாப்புட்டாப்ல ஆயிட்டு. 'வேட்பாளரே, ஒம்ம நண்பர் கருத்துதான் ஒம்ம கருத்தா'ன்னு ஆட்டோவுல குழாயக் கெட்டிட்டு வாரான். லோக்கல் டிவிக்காரன் ஒருத்தன் செங்கச் சூளைக்கே போயிட்டான். இவன் என்ன சொல்லணும்? சொல்லுங்க. மொதல்ல சொன்னான், 'அது அவரோட சொந்தக் கருத்து.' சரி, பொறுத்துக்கிட்டேன், அரசியல்னா அப்படி ஒரு வாய்ப்பாடு உண்டு. ரெண்டு நா கழிச்சு மறுபடியும் கேக்கான். அப்ப சொல்லுதான் அண்ணாச்சி, 'அவரு உரக்கடக்காரரு, உரம் வாங்கப் போவேன், அவ்வளவுதான் பழக்கம்.'

செங்கச் சூளைக்காரனுக்கு எதுக்குவே உரம்? செங்கலு மொளைக்கப் போடுதானா?

ஒரே பெஞ்சுல படிச்சோம். அவங்க அய்யா செத்தப்ப கொள்ளிச் சட்டிய அவன் தூக்கினான், அவன நாந்தான் தூக்கினேன், அப்படி ஒடிஞ்சு கெடந்தான். அவனுக்குப் பொண்ணு பாக்கப் போனதே நான். அவன் போயி உரம் வாங்குத பழக்கமாம். நாக்கு அழுகிப் போகாதா? வாயத் தொறந்து ஒரு வார்த்த, 'அவன் என் ஆளு'. அதச் சொல்ல என்ன கேடு? தேர்தல்ல தோப்பான். தோத்தா என்ன? அவன் ஜெயிச்சா மட்டும் தாமிரவருணியத் திருப்பி ஆலடிக்குளத்துக்கு விடப் போறானா?

இதுல கூத்து என்ன தெரியுமா? ஃப்ளெக்ஸ். ராத்திரியோட ராத்திரியா எல்லாத்தையும் எறக்கி, புதுசு அடிச்சு மாட்டிட்டான். போட்டோ அதேதான். முடி இருக்காப்ல தெரியுத போட்டோவ விட மனசு வருமா? என்ன மட்டும் வெட்டி எடுத்துட்டு, நான் நின்ன எடத்துல கோயில் கோபுரத்த வச்சுட்டான். ஆனா ஃப்ளெக்ஸ் கடக்காரன் ஒண்ண விட்டுட்டான். என்னத்த விட்டான் சொல்லுங்க பாப்போம்.

கைய.

என் கைய விட்டுட்டான் அண்ணாச்சி! குத்தாலிங்கம் தோள்ல நாலு விரலு. அத வெட்டுனா அவன் தோள்ல ஓட்ட விழும்லா, அதனால அப்படியே இருக்கட்டும்னு விட்டிருக்கான். ஆளு இல்ல, கை இருக்கு. கோபுரத்துலேருந்து ஒரு கை நீண்டு வந்து அவன் தோளப் பிடிச்சிருக்கு. பச்சக் கல்லு மோதிரம் போட்ட கை. ஊரு சிரிச்சுது பாருங்க. 'சாமியே குத்தாலிங்கம் மேல கை வச்சுட்டு'ன்னு ஒருத்தன். 'வேட்பாளரு வேற கட்சிச் சின்னத்துக்கும் சேத்து ஓட்டுக் கேக்காரு'ன்னு ஒருத்தன். காலையில மில்லு வேன் அந்த ஃப்ளெக்ஸத் தாண்டும்போது உள்ளேருந்து பிள்ளைய சிரிக்க சத்தம் டீக்கட வரைக்கும் கேக்கும். நானுஞ் சிரிச்சேன். வயிறு எரிய எரியச் சிரிச்சேன்.

இந்த மோதிரந்தான். பாருங்க. எங்க அண்ணனோடது. அவன் போனப்பறம் எங்கிட்ட வந்துட்டு. மதினி ஒண்ணுஞ் சொல்லல. சொல்லவும் மாட்டா, வாயில்லாப் பூச்சி.

அண்ணனுக்கு ஒரே மக, தங்கமாரி. மில்லுக்குத்தான் போறா.

என்ன, அப்படிப் பாக்கிய? அவளச் சொல்லுவனா? அவ நம்ம பிள்ள. நான் சொன்னது பொதுவா. பொங்கலுக்குப் பொங்கல் எனக்கு வேட்டி சட்ட எடுத்துத் தாரவ அவ. அன்னைக்கு மேடையில போட்டிருந்த சட்டகூட அவ எடுத்ததுதான், நல்ல சட்ட, வீடியோவுல எடுப்பாத் தெரியும். அவள மனசுல வச்சு நான் பேசவே இல்ல. அவ ஞாவகமே எனக்கு வரல.

ஆனா பாருங்க, அவளுக்குக் கோவில்பட்டியில ஒரு எடம் பேசி, பூ வைக்க நாளும் பாத்தாச்சு. இந்த வீடியோ அங்க போயிட்டு. மாப்பிள்ளையோட தாய்மாமன் ஒருத்தன், பெரிய மூள, போன் போட்டு மதினிகிட்டக் கேக்கான்: 'பொண்ணோட சித்தப்பாவே வேன்ல வாரத எடுக்காதியன்னு மைக்கப் போட்டுச் சொல்லுதாரு, வீட்டு ஆளுக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப் போவுது? கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்.' பொறுத்துப் பாக்கானாம்! அவனுக்குப் புத்தி இல்லன்னா நான் என்ன செய்ய? மதினி அன்னைக்குப் பூரா அடுப்பே பத்த வைக்கல. தங்கமாரி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. வாசல்ல வந்து நின்னா, மூஞ்சியப் பாத்தா, போயிட்டா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

அந்த நேரம் எனக்கு அவ பிரச்சினையா பெருசு? எங் கழுத்துல கத்தி வச்சவன் குத்தாலிங்கம். அவன் நினைப்பாவே இருந்தேன்.

சங்கரன்கோயில் வந்துட்டு பாத்தியளா? சொன்னேம்லா, டிரைவரு எறங்கிட்டான். வடை வேணுமா? வேண்டாமா? சரி.

கடைசிப் பிரச்சாரம். வேன் வந்து நிக்க முக்குல சாயங்காலம் குத்தாலிங்கத்துக்குத் தெருமுனைக் கூட்டம். மில்லுப் பிள்ளைய எறங்குத நேரமாப் பாத்து வச்சிருந்தான், கையெடுத்துக் கும்புட்டு ஓட்ட மீட்டுப்புடலாம்னு. நான் டீக்கடையில துண்டத் தலையில போட்டுக்கிட்டு நின்னேன். என்ன பொய் சொல்லுதான்னு பாக்கத்தான். எவனோ எழுதிக் குடுத்தத வாசிச்சான்: 'யாரோ ஒருவர் பேசிய பேச்சுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? அவர் என் நண்பரே அல்ல.' யாரோ ஒருவர்! கைதட்ட ஆளு வச்சிருந்தான், அவனுவளும் தட்டினானுவ.

வேன் வந்துது. பிள்ளைய எறங்கிச்சு. அதுல தங்கமாரி நேராக் கூட்டத்துக்குள்ள போனா. மில்லு கோட்டு, தலை பூராப் பஞ்சு, கையில தூக்குவாளி. மேடைக்குக் கீழ நின்னுக்கிட்டு, மைக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு. எங்க வீட்டுத் தொண்டல்லா.

'அந்தக் கை யாருதுன்னு எனக்குத் தெரியும்'னா. மேல ஃப்ளெக்ஸக் காட்டுதா. 'அந்த மோதிரம் எங்க அய்யாவோட மோதிரம். அதப் போட்டிருக்கது எங்க சித்தப்பா. ஒங்களுக்கு அவரத் தெரியாட்டாலும் எங்களுக்குத் தெரியும். அவரு பேசுனதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டாம். அவரு எங்க ஆளு. அவரு பேசுனதுக்கு நாங்க பதில் சொல்லிக்கிடுதோம்'னா.

கேட்டியளா? இதத்தான் நான் அவங்கிட்டக் கேட்டது. 'எங்க ஆளு.' சூளைக்காரனுக்கு வராத வார்த்த. துண்ட எடுத்துட்டு வெளிய வரலாம்னு ஒரு கால எடுத்து வச்சேன்.

அவ அப்படியே அந்தப் பிள்ளைய பக்கம் திரும்புனா. கூட வேலை பாக்கவளுவ, அவளுவ தாய்மாரு, எல்லாரும் நிக்காவ. கையெடுத்துக் கும்புட்டா. 'எங்க சித்தப்பா ஒங்களையெல்லாம் தப்பாப் பேசிட்டாரு. எங்க வீட்டு ஆளு பேசுன தப்பு அது. அவருக்காக நான் மன்னிப்புக் கேக்கேன்'னா.

எடுத்து வச்ச கால அப்படியே பின்னால வச்சுட்டேன். என்னத்துக்கு இவ கும்புடணும்? நான் சொன்னேனா கும்புடச் சொல்லி?

அதோட விட்டாளா? மறுபடியும் குத்தாலிங்கம் பக்கம் திரும்பி, 'அண்ணாச்சி, அவரு பேசுனதுக்கு நான் பதில் சொல்லிட்டேன். நீங்க சிரிச்சியல்லா, தொடையத் தட்டித் தட்டி. அந்தச் சிரிப்பு ஒங்களோடதுதான? அதுக்கு மட்டும் நீங்க பதில் சொல்லுங்க'ன்னா.

குத்தாலிங்கம் பேப்பரப் பாத்தான், அதுல ஒண்ணும் எழுதியிருக்காது. என்னத் தேடுனான். சத்தியமா, அவன் கண்ணு என்னத்தான் தேடுச்சு, பேசுததுக்கு. நான் இல்ல. கோபுரமும் கையுந்தான் இருக்கு. அப்ப என்ன செஞ்சான் தெரியுமா அந்த மூதி?

சிரிச்சான்.

அவனுக்கு வேற என்ன தெரியும்? அதே சிரிப்பு. பழக்கம்லா. சிரிச்சுட்டு, கூட்டத்தப் பாத்தான். ஒருத்தருஞ் சிரிக்கல.

அந்தச் சிரிப்போட அவன் சோலி முடிஞ்சுது. மண்ணக் கவ்வினான். அந்த முக்குல ஓட்டுப் போட்ட பெட்டியில அவன் பொண்டாட்டி ஓட்டாவது விழுந்துச்சான்னு கேளுங்க, அதுவே சந்தேகம்னு பேசிக்கிட்டாவ. வேணும். நல்லா வேணும். இப்பவும் எதிர்ல வந்தா ரோட்டத் தாண்டிப் போறான். நானா தாண்டணும்? சவம்.

அதயும் எவனோ வீடியோ எடுத்திருக்கான். கோவில்பட்டிக்கு அதுவும் போயிட்டு. மாப்பிள்ளப் பையன், நல்ல பையன், தாய்மாமன் வாய அடச்சுட்டான். 'கெட்டுனா இந்தப் பொண்ணத்தான் கெட்டுவேன், கூட்டத்துக்கு நடுவுல நிமிந்து நிக்கால்லா'ன்னுட்டான். நாளைக்குக் கல்யாணம். இன்னைக்குப் பொண்ணழைப்பு. அதுக்குத்தான் போறேன். எல்லாரும் வேன்ல போயிட்டாவ. எனக்குக் கடையப் பூட்ட நேரமாயிட்டுன்னு சொல்லிட்டேன். அந்த வேன்ல பூரா மில்லுப் பிள்ளைய.

இப்ப யோசிச்சுப் பாருங்க. நான் அன்னைக்குப் பேசலன்னா அவ அங்க போயிப் பேசியிருப்பாளா? அவ பேசலன்னா அந்தப் பையனுக்கு அவ அருமை தெரிஞ்சிருக்குமா? அப்பக் கல்யாணம் நடக்கது யாரால? வாயத் தொறந்து சொல்லுத ஆளு இல்ல நான். ஆனா நெனச்சுப் பாக்கணும்லா.

பத்திரிக குடுக்க அவளே வந்தா. சொந்தக்காரங்கள்ல எம் பேருதான் மொதல்ல போட்டிருக்கா, அவ அய்யா பேருக்கு அடுத்தாப்ல. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. 'பிள்ள, வாழ்த்துரை எப்ப? தாலி கெட்டுன ஒடனேயா, சாப்பாட்டுக்கு முன்னாலயா'ன்னு கேட்டேன்.

'மைக் கெடையாது சித்தப்பா'ன்னா.

எனக்குப் புரியல. 'மைக்செட்டுக்குச் சொல்லலயா, நான் சொல்லுதேன்'னேன். 'மைக்செட்டு இருக்கு. ஒங்களுக்கு மைக் கெடையாது'ன்னா. கோவமாச் சொல்லல. தண்ணி வேணுமான்னு கேக்காப்ல சொன்னா. 'அப்ப நான் எதுக்கு வரணும்'னு கேட்டுட்டேன். கேப்பம்லா? ஊர்ல எவன் வீட்டுக் கல்யாணத்துலயும் பேசுனவன், சொந்த அண்ணன் மக கல்யாணத்துல வாயப் பொத்திக்கிட்டு நிக்கணுமா?

எங் கையப் பிடிச்சா. இந்தக் கைய. மோதிரத்தத் தடவிப் பாத்தா. 'அய்யா எடத்துல நின்னு நீங்கதான் தாரை வாக்கணும். அய்யா மோதிரம் போட்ட கை என்னப் பிடிச்சுக் குடுக்கணும். கை வந்தாப் போதும் சித்தப்பா, வாய் வேண்டாம்'னா.

கை வந்தாப் போதுமாம்! வெட்டிப் பார்சல்ல அனுப்பவா? அவன் என்னன்னா ஆள வெட்டிட்டுக் கைய விட்டுட்டான். இவ என்னன்னா கை மட்டும் போதும்ங்கா. கோமதிநாயகம்னு ஒரு முழு மனுசன் இங்க இருக்கான்னு ஒருத்தருக்கும் தெரியல. ஆனா வாரேன்னு சொல்லிட்டேன். சொல்லாம என்ன செய்ய? என்னமோ அவ பிடிச்ச பிடிய எடுக்கல. நான் தலையாட்டுத வரைக்கும் எடுக்கவே இல்ல.

அந்தா, கோவில்பட்டி பாலம் தெரியுது. ஒங்கள நான் தூங்கவே விடல. சரி, நான் மொதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லவே இல்லயே நீங்க? குத்தாலிங்கம் எனக்காக ஒரு வார்த்த சொல்லியிருக்கணுமா வேண்டாமா?

என்னது? கொஞ்சம் சத்தமா, வண்டி எரையுது.

நானா? அந்த மில்லுப் பிள்ளைய கிட்டயா? நான் எதுக்கு அண்ணாச்சி மன்னிப்புக் கேக்கணும்? அதான் எனக்காக எங்க பிள்ள கேட்டுட்டால்லா.